எட்டு பிளாட் என்று எண்ணினீர்கள், சட்டத்தின் கணக்கில் ஐந்துதான்

வாசகி கேட்டது:

அண்ணா வணக்கம். லண்டன் ஹரோவில் 12 பிளாட் உள்ள மூன்று மாடிக் கட்டடத்தில் எங்களுக்கு ஒரு பிளாட் இருக்கிறது. லீஸில், அதாவது குத்தகையில், 81 வருடமும் நான்கு மாதமும் மிச்சம். கிரவுண்ட் ரெண்ட் என்ற நில வாடகை வருடத்துக்கு 150 பவுண். ஃபிரீஹோல்டர், அதாவது கட்டடத்துக்கும் நிலத்துக்கும் சொந்தக்காரர், ஒரு கம்பனி. காப்புறுதிக் கட்டணமும் சேர்விஸ் சார்ஜ் என்ற பராமரிப்புக் கட்டணமும் ஒவ்வொரு வருடமும் ஏறுகின்றன, கேட்டால் ஒழுங்கான கணக்கு வருவதில்லை. ஃபிரீஹோல்டை நாங்களே சேர்ந்து வாங்கலாமா என்று எழுதிக் கேட்டோம். "12 பேரும் கையெழுத்துப் போட்டால் 240,000 பவுணுக்குத் தரலாம், இல்லையென்றால் வேறு யாருக்காவது விற்போம்" என்று பதில் வந்தது. எங்களில் ஐந்து பேர் தயார். மூன்று பிளாட் வைத்திருக்கும் ஒரு குஜராத்திக்காரரும் மிக ஆர்வமாக இருக்கிறார். ஆக எட்டு பிளாட். ஒன்றைக் கம்பனியே வாடகைக்கு விட்டிருக்கிறது. மற்ற மூன்றில் ஒருவர் துபாயில் இருக்கிறார், ஒருவர் பிளாட்டை விற்கப் போகிறார், ஒரு வயதான அம்மா பிள்ளைகளைக் கேட்டுத்தான் சொல்வேன் என்கிறார். புதுச் சட்டம் வந்தால் மலிவாகக் கிடைக்கும், பொறுங்கள் என்று கணவரின் நண்பர் சொல்கிறார். பொறுப்பதா, 240,000 கொடுப்பதா? இன்னொன்று, நாங்கள் இப்போது அந்தப் பிளாட்டில் இல்லை, வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதனால் எங்கள் உரிமை போய்விடுமா?

சட்டத்தரணியின் பதில்:

தங்கச்சி, பொறுக்கவும் வேண்டாம், 240,000 கொடுக்கவும் வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு எண் பிழையாக இருக்கிறது. அதைத் திருத்தாமல், ஃபிரீஹோல்டை வாங்கக் கொடுக்கும் சட்டபூர்வ நோட்டீஸை அனுப்பினால் காசும் காலமும் வீணாகும். உங்களிடம் காலம் அதிகம் இல்லை.

லண்டனில் பிளாட் வாங்கிய நம் ஆட்களில் பலர் அதைச் சொந்த வீடு என்றே நினைக்கிறார்கள். வாங்கியது உண்மையில் நீண்ட காலக் குத்தகை. ஊரில் வயலைக் குத்தகைக்கு எடுத்தால் ஐந்து வருடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும். 125 வருடம் என்றால் தெரியாது. ஆனால் கணக்கு ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் உங்கள் பக்கம் கொஞ்சம் கரைகிறது, ஃபிரீஹோல்டரின் பக்கம் அதே அளவு வளர்கிறது. அதனால்தான் அவருக்குப் பொறுமை அதிகம்.

இதை மாற்றும் சட்டம் முதலில் 1967இல் தனி வீடுகளுக்கு வந்தது. தெற்கு வேல்ஸில் பழைய குத்தகைகள் முடியும் காலம் நெருங்கி, தலைமுறையாக இருந்த வீட்டைக் குடும்பங்கள் இழக்கும் நிலை வந்தபோது எழுந்த கோரிக்கைதான் அதன் பின்னணி. பெரிய நிலவுடைமைக் குடும்பங்கள் எதிர்த்தன. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் சொத்தைப் பராமரித்தவர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 1986இல் தோற்றார்கள். பிளாட்களுக்கு அந்த உரிமை 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடைத்தது. உங்களுக்கு உதவப் போவது அதுதான். அது "விற்பீர்களா" என்று கேட்கும் உரிமை இல்லை. நிபந்தனைகள் பொருந்தினால், விருப்பமில்லாத ஃபிரீஹோல்டரும் விற்றே ஆக வேண்டும். விலை ஒத்துவராவிட்டால் டிரிபியூனல் என்ற தீர்ப்பாயம் தீர்மானிக்கும். 12 பேரும் கையெழுத்திட வேண்டும் என்று கம்பனி சொன்னது அவர்களுடைய விருப்பம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சட்டம் கேட்பது இரண்டு எண்ணிக்கைகள். முதலாவது கட்டடத்துக்கானது. மொத்த பிளாட்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, தகுதியுள்ள லீஸ்காரர்களிடம் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் 21 வருடத்துக்கு மேல் எழுதப்பட்ட லீஸ் வைத்திருப்பவர் தகுதியுள்ளவர். இரண்டாவது உங்களுக்கானது. மொத்த பிளாட்களில் பாதிக்குக் குறையாமல், தகுதியுள்ளவர்கள் நோட்டீஸில் சேர வேண்டும். உங்கள் கட்டடத்தில் முதலாவது எட்டு, இரண்டாவது ஆறு. எட்டு பிளாட் தயார் என்பதால் இரண்டும் சரி என்று நினைத்துவிட்டீர்கள்.

பிழை இங்கேதான். ஒரே கட்டடத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் பிளாட் வைத்திருப்பவர், அவற்றில் ஒன்றுக்குக்கூடத் தகுதியுள்ள லீஸ்காரராகக் கணக்கில் வரமாட்டார். இரண்டு வைத்திருந்தால் இரண்டும் கணக்கில் வரும். மூன்றாவதை வாங்கிய அன்றே மூன்றும் விழுந்துவிடும். ஆனால் மொத்தம் 12 என்ற எண் குறையாது. அந்தக் குஜராத்திக்காரர் எவ்வளவு ஆர்வமாக இருந்தாலும், அவர் காசை மேசையில் வைத்தாலும், அவருடைய மூன்று பிளாட்டும் உங்கள் எண்ணிக்கையில் சேராது. அவருடைய மூன்றையும் கம்பனியின் ஒன்றையும் கழித்தால் தகுதியுள்ளவை எட்டு. மூன்றில் இரண்டு பங்குக்குச் சரியாக எட்டுத்தான் வேண்டும், மயிரிழையில் தப்பியிருக்கிறீர்கள். அந்த எட்டில் உங்களுடன் இருப்பது ஐந்து. இன்னும் ஒன்று வேண்டும்.

மயிரிழை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒருவர் பிளாட்டை விற்கப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அந்தக் குஜராத்திக்காரரே வாங்கினால் என்ன ஆகும்? தகுதியுள்ளவை ஏழாகும், கட்டடத்துக்கே உரிமை இல்லாமல் போகும். உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்தே அவர் அதை வாங்கக்கூடும். இந்தக் கிழமையே அவரைக் கண்டு கதையுங்கள்.

அவரைக் காணும்போது இன்னொன்றும் கேளுங்கள். மூன்றில் ஒன்றைத் தன் மனைவியின் பெயருக்கு மாற்ற அவர் தயாரா? மாற்றினால் அவரிடம் இரண்டு, மனைவியிடம் ஒன்று. மூன்றும் கணக்கில் வரும். உங்கள் கட்டடத்தில் தகுதியுள்ளவை பதினொன்றாகும், சேர்ந்திருப்பவை எட்டாகும், ஆறாவது கையெழுத்தைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. இது வாய்ப்பேச்சில் முடியாது. உறுதி எழுதி, நோட்டீஸ் போகும் முன்பே லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகியிருக்க வேண்டும். மோட்கேஜ் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும், வரி விளைவும் இருக்கும். அவர் தனக்கென ஒரு சொலிசிட்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும், உங்கள் சொல்லை நம்பி அல்ல.

இதில் அவருக்கும் சொந்த நன்மை உண்டு, அதை அவரிடம் சொல்லுங்கள். தகுதியுள்ள லீஸ்காரரிடம் இல்லாத பிளாட்களை, கட்டடத்தை விற்ற பிறகும் 999 வருட லீஸாகத் திருப்பி எடுத்துக்கொள்ள ஃபிரீஹோல்டருக்குச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் குஜராத்திக்காரர் மூன்று பிளாட்டுடன் அப்படியே இருந்தால், கட்டடம் உங்கள் கைக்கு வந்த பிறகும் அவருக்கும் உங்களுக்கும் நடுவில் அந்தப் பழைய கம்பனி உட்கார்ந்திருக்கலாம்.

சரி, விலைக்கு வருவோம். 240,000 எப்படி வந்தது என்று கம்பனி சொல்லியிருக்காது. சட்டத்தில் விலைக்கு ஒரு முறை இருக்கிறது. ஃபிரீஹோல்டர் இழக்கும் கிரவுண்ட் ரெண்டின் இன்றைய மதிப்பு ஒன்று. 81 வருடம் கழித்து அவருக்குத் திரும்பி வரவேண்டிய பிளாட்டின் இன்றைய மதிப்பு இரண்டாவது. இந்த இரண்டாவதைக் கணக்கிட வருடத்துக்கு 5 சதவீதம் கழிப்பது 2006 முதல் டிரிபியூனல்களில் நிலைத்துவிட்ட வழக்கம். உங்கள் பிளாட் ஒவ்வொன்றும் 300,000 பவுண் பெறும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த 300,000, 81 வருடத்துக்கு 5 சதவீதம் கழித்தால் ஏறத்தாழ 5,770 ஆகும். வருடத்துக்கு 150 பவுண் கிரவுண்ட் ரெண்டை 6 சதவீதத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,480. ஆக ஒரு பிளாட்டுக்கு 8,250 பவுண் வரை. கம்பனியின் சொந்த பிளாட்டை விட்டு 11க்குப் பெருக்கினால் 90,750. மேலே இன்னொரு மாடி கட்டலாம், பின்பக்க நிலத்தில் கராஜ் போடலாம் என்று கம்பனி சேர்த்துக் கேட்கும். அதில் எது நியாயம், எது சும்மா என்பதை இந்த வேலையே செய்யும் ஒரு சர்வேயர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். என் கணக்கு அவருடைய கணக்குக்கு மாற்று அல்ல. ஆனாலும் 240,000 என்று கேட்டவுடன் பயந்து தலையாட்டாமல் இருக்க இது போதும்.

கம்பனி வாடகைக்கு விட்டிருக்கும் அந்த ஒரு பிளாட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. அதை 999 வருட லீஸாகத் திருப்பி எடுப்பது கம்பனியின் தெரிவு. எடுக்காவிட்டால் அந்த பிளாட்டையே முழு விலை கொடுத்து நீங்கள் வாங்க வேண்டிவரும், கணக்கு தலைகீழாகும். வாடகை வருமானம் வரும் பிளாட்டைக் கம்பனிகள் பொதுவாகக் கைவிடுவதில்லை. இருந்தாலும், அப்படி நடந்தால் காசு எங்கிருந்து வரும் என்று முன்பே யோசித்து வையுங்கள். வாங்கி உடனே விற்கவும் வழி உண்டு, ஆனால் இடையில் ஒருவர் காசு போட்டிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய எண்: 81 வருடமும் நான்கு மாதமும்.

நான் சொன்ன விலையில் மூன்றாவது பகுதி ஒன்று உண்டு. அதன் பெயர் மேரேஜ் வேல்யூ. பெயருக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தம் இல்லை. லீஸும் ஃபிரீஹோல்டும் ஒரே கையில் சேரும்போது கூடும் மதிப்பு அது. அதில் பாதியை ஃபிரீஹோல்டருக்குக் கொடுக்க வேண்டும். லீஸில் 80 வருடத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அது பூச்சியம். 80க்கு வந்துவிட்டால் கொடுக்க வேண்டும். அதே 300,000 பவுண் பிளாட்டில் 79 வருடம் மிச்சம் இருந்து, அந்த லீஸின் மதிப்பு 270,000 என்று சர்வேயர்கள் ஒத்துக்கொண்டால், 8,250ஆக இருந்தது 19,400ஐத் தொடும். கட்டடத்தில் ஒரு செங்கல்கூட மாறியிருக்காது, இரண்டு வருடம் மட்டும்தான் போயிருக்கும். உங்களுக்கு மிச்சம் இருப்பது 16 மாதம்.

ஒரு ஆறுதல்: விலை கணக்கிடப்படும் நாள், நோட்டீஸ் கொடுத்த நாள். அன்று 80க்கு மேல் இருந்தால், பிறகு டிரிபியூனலில் இரண்டு வருடம் இழுத்தாலும் மேரேஜ் வேல்யூ வராது. ஆகவே கடிகாரத்தை நிறுத்துவது நோட்டீஸ் ஒன்றுதான். கம்பனியுடன் நடக்கும் மின்னஞ்சல் பேச்சுவார்த்தை நிறுத்தாது. "அடுத்த மாதம் எங்கள் போர்ட் கூடிப் பேசும்" என்ற பதில் நான்கு தடவை வந்தால் நான்கு மாதம் போய்விடும்.

புதுச் சட்டத்தைப் பற்றி நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2024 மே மாதம் நிறைவேறிய லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் மேரேஜ் வேல்யூவை ஒழிக்கிறது, தனித்தனி லீஸ் நீட்டிப்பை 990 வருடமாக்குகிறது, ஃபிரீஹோல்டரின் செலவை நீங்கள் கொடுக்கும் முறையையும் பெரும்பாலும் மாற்றுகிறது. ஃபிரீஹோல்டர்கள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் 2025 ஒக்டோபரில் தள்ளுபடி செய்தது. ஆனால் விலையைப் பற்றிய அந்தப் பிரிவுகள் நான் இதை எழுதும்போது நடைமுறைக்கு வரவில்லை. அவை வந்தாலும் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள். மேரேஜ் வேல்யூ போகும், அது உங்களுக்கு ஏற்கெனவே பூச்சியம். விலைக் கணக்கில் கிரவுண்ட் ரெண்டுக்குப் பிளாட் மதிப்பின் 0.1 சதவீதம் என்று உச்சவரம்பு வரும். 300,000க்கு அது 300 பவுண், நீங்கள் கட்டுவதே 150தான். சட்டச் செலவில் கொஞ்சம் மிஞ்சும். கம்பனியின் சொந்த பிளாட்டைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் உரிமை உங்களுக்கு வரும். அந்த ஒன்றில் மட்டும் பொறுப்பதில் அர்த்தம் இருக்கிறது. 65 வருடம் மிச்சம் உள்ள ஒருவர் பொறுக்கிறேன் என்றால் அவருடைய நியாயம் எனக்கு விளங்குகிறது. 81 வருடத்தில் நிற்கும் நீங்கள், கொஞ்சம் லாபத்துக்காக 80இன் விளிம்பில் நிற்க வேண்டாம்.

நோட்டீஸ் கொடுத்த பிறகு என்ன நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டத்தின் 13ஆம் பிரிவில் வரும் அந்த நோட்டீஸில் நீங்கள் ஒரு விலையைச் சொல்ல வேண்டும். அது உண்மையான விலையாக இருக்க வேண்டும். 1998இல் ஒரு லீஸ் நீட்டிப்பு வழக்கில் வெறும் 100 பவுண் என்று எழுதிய நோட்டீஸே செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிர் நோட்டீஸ் தர ஃபிரீஹோல்டருக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டு வேறு விலை சொன்னால், அந்த எதிர் நோட்டீஸ் வந்து இரண்டு மாதத்துக்குப் பிறகும் ஆறு மாதத்துக்குள்ளும் டிரிபியூனலுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஆறு மாதம் கல்லில் எழுதியது. ஒரு நாள் தவறினாலும் நோட்டீஸை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கொள்ளப்படும். ஃபிரீஹோல்டரின் நியாயமான செலவை நீங்கள் கட்ட வேண்டும். 12 மாதத்துக்குப் புதிய கூட்டு நோட்டீஸ் கொடுக்க முடியாது. உங்களிடம் இருப்பது 16 மாதம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். இந்த வேலையில் ஃபிரீஹோல்டரால் தோற்றவர்களைவிட, தங்களுக்குள் எழுதி வைக்காததால் தோற்றவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். கிழக்கு லண்டனில் எட்டு பிளாட் உள்ள ஒரு கட்டடம் என்னிடம் வந்தது, எல்லாம் கெட்டுப்போன பிறகு. ஐந்து பேர், எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில், எல்லோரும் நல்ல சிநேகிதர்கள். அந்தக் குழுவில் உயர்த்திய பெருவிரல் படத்தைப் போட்டு "ஓகே" என்றதுதான் ஒப்பந்தம். நோட்டீஸ் போன பிறகு ஒருவருக்கு வேலை போனது, அவர் தன் பங்கைத் தரமுடியாது என்றார். இன்னொருவர் பிளாட்டை விற்றுவிட்டுப் போனார், வாங்கியவர் எனக்கு இதில் விருப்பமில்லை என்றார். மற்ற மூவரும் யார் கூடுதலாகப் போடுவது என்று கதைத்துக்கொண்டிருந்தபோது அந்த ஆறு மாதம் கடந்துவிட்டது. 12 மாதம் காத்திருந்து அவர்கள் திரும்ப வந்தபோது லீஸ் 79 வருடத்தில் நின்றது. அந்த ஐந்து குடும்பங்களில் இரண்டு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தக் காசைவிட எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது.

ஆகவே நோட்டீஸுக்கு முன் பங்கேற்பு ஒப்பந்தம் ஒன்று எழுதுங்கள். அது தடித்த ஆவணமாக இருக்கத் தேவையில்லை, ஆனால் சில கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். ஒருவர் பின்வாங்கினால் அதுவரை வந்த செலவு யாருடையது? பிளாட்டை விற்றால் வாங்குபவரை இதில் சேர்ப்பது யார் பொறுப்பு? டிரிபியூனலில் விலை கூடினால் எவ்வளவு வரை எல்லோரும் போவார்கள்? சேராத பிளாட்களுக்கான பங்கை யார் போடுவது? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் சண்டை வரும். கட்டடம் முழுவதற்கும் விலை கொடுக்க வேண்டும், சேர்ந்தவர்களின் பிளாட்டுக்கு மட்டும் அல்ல. 90,750 பவுணை ஆறு பேர் மட்டும் போட்டால் ஆளுக்கு 15,125. குஜராத்திக்காரர் தன் மூன்று பங்கையும் போட்டால் ஒரு பிளாட்டுக்கு ஏறத்தாழ 10,080. அவர் கணக்கில் வராவிட்டாலும் காசு போடலாம், அதைச் சட்டம் தடுக்கவில்லை. சேராதவர்களுக்காகக் கூடுதலாகப் போடும் காசு வீண் இல்லை. அவர்களுடைய கிரவுண்ட் ரெண்ட் இனி உங்கள் கம்பனிக்கு வரும், நாளைக்கு அவர்கள் லீஸை நீட்ட வரும்போது அந்தக் காசும் உங்களுக்கே வரும். யார் கூடுதலாகப் போட்டாரோ அவருக்கு அது திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். முதல் தவணையை, சர்வேயர் கட்டணம் உட்பட, கையெழுத்துப் போடும் அன்றே சொலிசிட்டரின் கிளையண்ட் கணக்கில் கட்டச் சொல்லுங்கள். உண்மையில் யார் வருகிறார்கள் என்பது அன்றைக்குத் தெரியும்.

வாங்குவதற்கு நீங்கள் ஒரு கம்பனி தொடங்குவீர்கள், பிளாட்டுக்கு ஒரு பங்கு. வாங்கிய மறுநாளே சேர்ந்த ஒவ்வொருவருக்கும் 999 வருட லீஸ், கிரவுண்ட் ரெண்ட் இல்லாமல், அந்தக் கம்பனி எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் இதைத் தள்ளிப் போடுகிறார்கள். கட்டடம் கம்பனியுடையது ஆனதால் உங்கள் லீஸ் தானாக நீளாது. விற்கப் போகும்போது 70 வருட லீஸ் என்று வாங்குபவரின் வங்கி திருப்பி அனுப்பிய பிறகு ஓடி வருகிறார்கள். சேர்விஸ் சார்ஜும் மறையாது, கூரை ஒழுகினால் திருத்தும் பொறுப்பு இனி உங்களுடையது. ஒரு பிளாட்டுக்கு 250 பவுணுக்கு மேல் வரும் பெரிய வேலைக்கு லீஸ்காரர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற விதி உங்களுக்கும் பொருந்தும். ஆனால் காப்புறுதியை யாரிடம் எடுப்பது, அதில் கமிஷன் யாருக்குப் போகிறது என்பது இனி உங்களுக்கு மறைந்திருக்காது. உங்கள் கடிதத்தில் தெரிந்த கோபத்துக்கு அதுதான் மருந்து. உங்கள் கட்டடம் மூன்று மாடி. 11 மீட்டர் அல்லது ஐந்து மாடி தொடும் கட்டடத்தில் இருக்கும் வாசகர்கள் மட்டும், 2022ஆம் ஆண்டுக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் லீஸ்காரர்களுக்குத் தரும் பாதுகாப்பு, ஃபிரீஹோல்டை வாங்கினால் என்னவாகும் என்று வாங்குவதற்கு முன் கட்டாயம் கேளுங்கள்.

வேறு யாருக்காவது விற்போம் என்ற கம்பனியின் வார்த்தையைப் பற்றி. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது எளிதில் விளங்கும். தேசவழமையில் பங்குக் காணியை வெளியாருக்கு விற்கும் முன் பங்காளிக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? இங்கும் 1987ஆம் ஆண்டுச் சட்டம், கட்டடத்தை வெளியாருக்கு விற்கும் முன் தகுதியுள்ள லீஸ்காரர்களுக்கு முதலில் அதே விலையில் எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. ஏற்றுக்கொள்ளக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும், பாதிக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ஏற்க வேண்டும். சொல்லாமல் விற்பது குற்றம். ஆனால் அந்த உரிமை அவர்கள் விற்க முடிவெடுத்தால்தான் பிறக்கும், விலையும் அவர்களுடையது. 1993 உரிமை உங்கள் கையில் இருக்கிறது. அப்படி ஒரு கடிதம் வந்தால் குப்பைத் தபால் என்று தூக்கிப் போடாமல் உடனே எனக்கோ உங்கள் சொலிசிட்டருக்கோ காட்டுங்கள்.

ஆறாவது ஆள் கிடைக்கவே இல்லை என்றால்? அதற்கும் இப்போதே ஒரு நாள் குறியுங்கள். இன்றிலிருந்து பத்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கூட்டு நோட்டீஸ் போகாவிட்டால், ஐந்து பேரும் தனித்தனியாக லீஸ் நீட்டிப்புக்கு நோட்டீஸ் கொடுங்கள். இப்போதுள்ள சட்டத்தில் மிச்சத்தோடு 90 வருடம் கூடும், கிரவுண்ட் ரெண்ட் இல்லாமல் போகும். அதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம், 80இன் ஆபத்தும் நீங்கும். காப்புறுதி, கணக்கு ஆகிய தொல்லைகளுக்கு நிர்வாகத்தை மட்டும் கையில் எடுக்கும் உரிமை தனியாக இருக்கிறது. அதற்குக் கட்டடத்தின் விலை கொடுக்கத் தேவையில்லை. மூன்று பிளாட் வைத்திருப்பவரை விலக்கும் விதியும் அதில் இல்லை, ஆகவே அங்கே உங்கள் எட்டு எட்டுத்தான். இவற்றை நான் இரண்டாவது வழியாகத்தான் சொல்கிறேன். கட்டடம் உங்களுடையது ஆகாத வரை ஃபிரீஹோல்டர் அவர்தான்.

முதல் வேலையாக லாண்ட் ரெஜிஸ்ட்ரி இணையதளத்தில் 7 பவுண் கட்டி ஃபிரீஹோல்டின் பதிவை எடுங்கள். உரிமையாளர் பெயர், எந்தெந்த லீஸ், எந்த நாளிலிருந்து என்று பாருங்கள். 12 லீஸும் ஒரே நாளில் தொடங்கியிருக்கத் தேவையில்லை, ஒருவருடையது ஏற்கெனவே 80க்குக் கீழே இருக்கலாம். அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் ஆலோசனைச் சேவை இலவசமாக அடிப்படை விளக்கம் தரும். சொலிசிட்டரை எடுக்கும் முன் அவர்களுடன் ஒருமுறை கதைத்தால், கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவாகும்.

கடைசியாக, வாடகைக்கு விட்டதால் உரிமை போய்விடுமா என்று கேட்டீர்கள். போகாது. ஆரம்பத்தில் சட்டத்தில் குடியிருப்பு நிபந்தனை ஒன்று இருந்தது, 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. உங்களுக்குப் பொருந்துவது துபாயில் இருப்பவருக்கும் பொருந்தும். அவர் லண்டனுக்கு வரவும் தேவையில்லை. முன்பு லீஸ்காரர் தன் கையாலேயே நோட்டீஸில் கையெழுத்திட வேண்டும் என்றிருந்தது, 2014 முதல் அவர் சார்பில் இன்னொருவர் போடலாம். மூவரில் முதலில் அவருக்கு எழுதுங்கள். தூரத்தில் இருக்கும் உரிமையாளருக்கு அயலவர்களின் சண்டை பெரிதாகப் படாது, 8,250க்கும் 19,400க்கும் உள்ள வித்தியாசம் படும். அந்த இரண்டு எண்ணையும், 80 வருடம் தொடும் தேதியையும், எவ்வளவு காசு எப்போது கட்ட வேண்டும் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.